யாரும் எடுத்துப் போகாத புத்தகங்கள்

புத்தகங்களின் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை, கோபம்தான். பெயரைச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்துத் தட்டிவிட்டு "குறிச்சுக்கிட்டேன் சார்" என்பீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. குறித்துக்கொண்டவர் எவரும் படித்து நான் பார்த்ததில்லை. குறித்துக்கொள்வது என்பது, படிக்காமல் இருப்பதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் மரியாதையான வழி.

எனக்குப் பிடித்த புத்தகங்கள் மூன்று வகை. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் உயிரோடு இருப்பது எப்படி என்று சொல்பவை ஒன்று: முடிச்சு, நெருப்பு, குடிநீர், திசை. பழைய கடற்படைகளின் வரலாறு இன்னொன்று. மூன்றாவது, நாட்டுக்கு நாடு தூது போனவர்கள் என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பது. இதில் எதிலும் எனக்கு அனுபவம் கிடையாது. கடலூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். என் வெட்டவெளி வாழ்க்கை எதிர்ப்புற டீக்கடையோடு முடிந்துவிடும். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்தும் நீச்சல் தெரியாது. தூது போகும் திறமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் டிவி ரிமோட் யாரிடம் இருப்பது என்ற பேச்சுவார்த்தையில் நான் வென்ற நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. பிறகு ஏன் இவற்றைப் படிக்கிறேன் என்றால், பயம். எதைப் பார்த்தாலும் பதறுகிறவனுக்கு, பதறாதவர்கள் எழுதிய புத்தகங்கள் கிடைத்தால் விடுவானா?

என் கோபத்துக்குக் காரணம் சிதம்பரத்தில் இருக்கிறது. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் பயிற்சி நிலையம். அதன் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். பதினைந்து, பதினாறு பேர் வருவோம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், எங்கள் எல்லோருக்கும் டீச்சர். மாதத்துக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்துப் பேச வேண்டும். பத்தாவது நிமிடம் டீச்சர் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். அதற்குப் பிறகு பிரதமரே பேசிக்கொண்டிருந்தாலும் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் வட்டத்தில் ஒரு விதி உண்டு. வேறெங்கும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. வாயால் பரிந்துரைத்தால் மட்டும் போதாது, பேசுகிறவர் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். கூட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் அது ஒரு தோல்வி. தொடர்ந்து மூன்று தோல்வி என்றால், ஒரு வருடத்துக்கு அந்த ஆள் பேசக்கூடாது. வரலாம், போண்டா சாப்பிடலாம், பிறர் பேசுவதைக் கேட்கலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது. வாய் ஒன்றைத் தவிர வேறு எதுவும் சரியாக வேலை செய்யாத என்னைப் போன்ற ஒருவனுக்கு இது என்ன தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் தோல்வி தூதர் புத்தகத்துக்கு. யாரோ ஒரு நடுத்தர அதிகாரி, தான் வேலை பார்த்த நாடுகளில் விருந்து மேசையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட கதைகளை எழுதியிருந்தார். ஒரு நாற்காலி இரண்டடி தள்ளிப் போனதால் பேச்சுவார்த்தை நான்கு மாதம் நின்று போயிருக்கிறது. எனக்குப் படிக்கப் படிக்கப் புல்லரித்தது. இது நம் விஷயமல்லவா? கல்யாணப் பத்திரிகையில் சின்ன மாமனார் பெயர் பெரிய மாமனார் பெயருக்கு மேலே வந்துவிட்டது என்பதற்காக எத்தனை குடும்பங்கள் பேச்சை நிறுத்தியிருக்கின்றன? இதைத்தான் பத்து நிமிடமும் கைகால் ஆட்டிச் சொன்னேன்.

வங்கியில் மேலாளராக இருக்கும் ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. ஐந்து மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்கிற மாதிரி புத்தகங்களை மட்டும் படிப்பார். அவர் கையைத் தூக்கினார்.

"நல்லா பேசுனீங்க சார். இதுல நமக்கு டேக் அவே என்னா?"

டேக் அவே. நான் என்ன பரோட்டாவா கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்?

"இதுல டேக் அவே எதுவும் இல்ல சார். உக்காந்து சாப்புட்டுத்தான் போவணும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் புத்தகம் போய்விடும் என்று நினைப்பது என் நெடுநாள் மடத்தனம். சிரித்தவர்கள் அனைவரும் போண்டாவை எடுத்தார்களே தவிர, புத்தகத்தை எடுக்கவில்லை.

இரண்டாவது தோல்வியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அது கடற்படைப் புத்தகம். பீரங்கி, வெற்றி, வீரம் எல்லாம் அதில் குறைச்சல். கப்பலில் தண்ணீர் எத்தனை நாள் கெடாமல் இருந்தது, ரொட்டியில் புழு வந்தால் என்ன செய்தார்கள், காற்று விழுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாமல் எதிரிக் கப்பலை எத்தனை நாள் முறைத்துக்கொண்டே இருந்தார்கள் என்கிற மாதிரி சங்கதிகள். அதில் எங்கள் ஊருக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலூருக்கு எதிரே கப்பல்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொண்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அதற்குப் பல மாதம் முன்பே அவர்களுடைய நாடுகள் ஐரோப்பாவில் உட்கார்ந்து சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டன. அந்தச் சேதி கப்பலேறி இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்காக நம் கடலில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய விஷயத்தை ஒரு மனிதன் எங்கே போய்த் தேடுவான்? தேவனாம்பட்டினம் பீச்சில் மாங்காய் பத்தை தின்றுகொண்டு இதே கடலைத்தானே எல்லோரும் பார்க்கிறோம்?

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். என்னை வட்டத்தில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அவனாவது எடுப்பான் என்று நம்பினேன்.

"எடு மச்சான். நம்ம ஊர் கதைடா."

"நம்ம ஊர் கதைன்னா நமக்குத் தெரிஞ்சதுதான மாமா," என்றான்.

"என்னா தெரியும் ஒனக்கு? சொல்லு."

"சண்ட போட்டானுங்க. செத்துட்டானுங்க. இதுக்கு எதுக்கு நானூறு பக்கம்?"

டீச்சர் நோட்டில் என் பெயருக்கு நேராக இரண்டாவது கோடு போட்டார். அடிக்கோல் வைத்துப் போட்டார்.

மூன்றாவது வாய்ப்புக்கு வெட்டவெளிப் புத்தகத்தை வைத்திருந்தேன். வருடா வருடம் புயலும் வெள்ளமும் வந்து கதவைத் தட்டும் மாவட்டத்தில் இந்தப் புத்தகம் ரேஷன் கார்டோடு சேர்த்து வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதியவர் காடு, மலை, கடலோரம் எல்லாம் சுற்றியவர். சத்தமே போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி நறுக்கச் சொல்லித்தருகிறவர் மாதிரி எழுதியிருப்பார். 'முதலில் உட்காருங்கள். இரண்டு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள்.' ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கிறார். அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு வாழ்க்கையில் வாய்க்காமலே போனது.

அதற்கு என் மனைவியே சாட்சி. ஒருமுறை பெருமழையில் தெருத் தண்ணீர் எங்கள் வாசற்படி ஏறியது. நான் வீட்டுத் தலைவனாகச் செயல்பட முடிவு செய்து மொட்டைமாடிக்குப் பொருட்களை ஏற்றினேன். என்ன ஏற்றினேன் என்று அப்புறம் அவள் எண்ணிச் சொன்னாள்: இந்தப் புத்தகம், இஸ்திரிப் பெட்டி, பழைய காலண்டர், ஒற்றைச் செருப்பு. அரிசியும் அடுப்பும் கீழேயே இருந்தன. மாடிப்படி அறையின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, குடிநீருக்கு வழி தேடிப் பதறிப் பதறிப் பக்கம் புரட்டினேன். பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் தாளை விரித்து, ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் முறை கிடைத்தது.

"பிளாஸ்டிக் தாள் இருக்கா? சீக்கிரம். தண்ணிக்கு வழி பண்ணணும்," என்று கத்தினேன்.

அவள் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் புத்தகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று பயந்து, வட்டத்தில் வேறு வழியை யோசித்தேன். பேசினால் சிரிக்கிறார்கள், எடுக்க மாட்டேன் என்கிறார்கள். செய்து காட்டினால்? புத்தகத்தில் ஒரு மீட்பு முடிச்சு இருக்கிறது. இடுப்பைச் சுற்றி ஒரே கையால் போடலாம், மேலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் இறுகாது, அவிழாது. வெள்ளத்தில் மாட்டியவனைத் தூக்க அதுதான் உத்தமம் என்று படத்தோடு போட்டிருந்தது. துறைமுகம் பக்கம் வலைச்சாமான் கடையில் போய் நைலான் கயிறு கேட்டேன்.

"எந்த போட்டுக்குண்ணே?" என்றார் கடைக்காரர்.

"புத்தகத்துக்கு."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டதைவிட மெல்லிய கயிறாகவே கொடுத்தார். எனக்கு அது போதும் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு வாரம் கட்டில் காலில் பழகினேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. கட்டில் காலுக்கு வயிறு கிடையாது, பின்னாலிருந்து பதினைந்து பேர் பார்ப்பதும் கிடையாது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றோடு சிதம்பரம் போனேன். என் முறை வந்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மறு முனையை என் இடுப்பைச் சுற்றி, ஒரே கையால், புத்தகத்தைப் பார்க்காமல், சிரித்த முகத்தோடு முடிச்சுப் போட்டேன். இரண்டடி பின்னால் போய்க் கயிற்றை விறைப்பாக்கினேன்.

"மச்சான், எழுந்து வா. என் தோளப் புடிச்சு ஒன் பலம் கொண்ட மட்டும் பின்னால இழு. இந்த முடிச்சு இறுகவே இறுகாது."

"நெஜமா இழுக்கட்டா மாமா?"

"பயப்படாத. இழு."

என்ன இருந்தாலும் அக்காவைக் கட்டியவன் நான். இத்தனை வருடக் கணக்கு மனதில் இருந்திருக்கும். இழுத்தான். முடிச்சு சர்ரென்று ஓடி வந்து என் தொப்புளுக்கு மேல் உட்கார்ந்தது. முனையை எந்தப் பக்கம் நுழைக்க வேண்டுமோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் நுழைத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அது மீட்பு முடிச்சு இல்லை, சுருக்கு. இது எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் மூச்சு விட முடியவில்லை என்பதுதான்.

"விடு. விடுடா. கத்தி. யாராவது கத்தி," என்றேன்.

அவன் தோளை விட்டான். ஆனால் நான் பதற்றத்தில் ஜன்னலை விட்டு ஓடப் பார்க்கிறேன். ஓட ஓட இறுகுகிறது. இறுக இறுக இன்னும் ஓடப் பார்க்கிறேன். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடுகூட என்னைவிட நிதானமாக நிற்கும்.

வங்கிக்காரர் பக்கத்தில் வந்து, "மூச்ச ஆழமா இழுங்க சார். நாலு எண்ணுங்க," என்றார்.

"இழுக்க எடமில்ல சார்."

டீச்சரின் பையில் நகவெட்டி ஒன்றுதான் இருந்தது. மச்சான் அதை வாங்கிக் கயிற்றின் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஆயிடும் மாமா," என்றான். அப்போதுதான் டீச்சர் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். பின்பக்க அட்டவணையில் விரலை ஓடவிட்டு, 'முடிச்சு, தவறாகப் போட்டது' என்ற இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்தைத் திறந்தார். வகுப்பில் வாசிப்பது போலச் சத்தமாக ஆரம்பித்தார்.

"முதலில் நில்லுங்கள். இரண்டு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள்."

"டீச்சர், கீழ இருக்கறத படிங்க."

"வரிசையாத்தான் படிப்பேன். குறுக்க பேசாதீங்க."

எல்லோரும் எழுந்து அவரைச் சுற்றி நின்றார்கள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் படம் இருந்தது. படத்தைப் பார்த்த மச்சான் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னான். அங்கே கனமான வண்டியைச் சேற்றிலிருந்து இரண்டே ஆள் தூக்கும் முறை இருந்தது.

"இத பாருங்க சார். நம்ம ஊர் களிமண்ணுக்கு இது எம்மாம் வசதி," என்றான் வங்கிக்காரரிடம்.

"இருங்க, பின்னாடி போங்க. அதுல புயல் வர்றத்துக்கு மொத நாள் என்னென்ன எடுத்து வைக்கணும்னு ஒரு லிஸ்ட் வந்துச்சு. அத போட்டோ எடுத்துக்கறேன்," என்றார் அவர்.

வருடக்கணக்காக இந்த மனிதர்களிடம் படியுங்கள், படியுங்கள் என்று கெஞ்சியவன் நான். இப்போது ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"படிக்காதீங்க. மொதல்ல என்ன அவுத்து விடுங்க."

யாரும் திரும்பவில்லை. ஒரு அம்மா மட்டும், "கொஞ்சம் மெதுவா சார், டீச்சர் படிக்கிறது கேக்கல," என்றார்.

என் ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? நான் நின்றுகொண்டு உயிரைக் கொடுத்துப் பேசியபோது ஆளாளுக்கு போன் பார்த்தவர்கள், என் உயிர் போகும்போது புத்தகம் படிக்கிறார்கள். அதுவும் ரசித்து.

கடைசியில் டீச்சர் சரியான வரிக்கு வந்து சேர்ந்தார். "கயிற்றோடு சண்டை போடாதீர்கள். கயிறு எங்கே கட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் நடங்கள்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஜன்னல் பக்கம் போங்க சார்."

இரண்டடி நடந்தேன். கயிறு தொய்ந்தது. முடிச்சை விரலால் பின்னுக்குத் தள்ளினேன். நழுவியது. அவ்வளவுதான். இதை எந்த மாடும் சொல்லித்தராமலே செய்யும்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடித்து நிமிர்ந்தால், மேசையில் புத்தகத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் முதலில் பிடித்தான். வங்கிக்காரர் அடுத்து என்று பேசி முடித்தார்கள். என் இடுப்பு எரிந்தது, ஆனால் நெஞ்சு குளிர்ந்தது. தப்பித்தோம். மூன்றாவது கோடு கிடையாது.

டீச்சர் நோட்டைத் திறந்தார். எடுப்பவர் என்ற இடத்தில் மச்சானின் கையெழுத்தை வாங்கினார். பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்து, எழுதாமல் நிறுத்தினார்.

"இது யார் பரிந்துரை?" என்றார்.

"என்னா டீச்சர் கேள்வி இது? என் புத்தகம், என் பேச்சு, என் வயிறு."

"நீங்க பேசுனதுக்காக யாரும் எடுக்கலையே. நான் வாசிச்சதுக்கப்பறம்தான கேட்டாங்க. விதின்னா விதிதான். இருந்தாலும் எடுத்தவரையே கேட்டுடுவோம்."

எடுத்தவன் என் மச்சான். ரத்தம் இல்லாவிட்டாலும் சொந்தம். இருபது வருடமாக என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவன். அவன் தலையைச் சொறிந்தான்.

"உண்மையச் சொல்லணும்ல மாமா. நீங்க பேசும்போது நான் போன்ல ஒரு செயின் செட்டுக்கு ஆர்டர் போட்டுக்கிட்டிருந்தேன். டீச்சர் படிச்சதத்தான் கேட்டேன்."

"தோளப் புடிச்சு இழுத்தியே, அப்பக்கூடவா கேக்கல?"

"இழுக்கச் சொன்னீங்க, இழுத்தேன். எதுக்குன்னு தெரியாது."

டீச்சர் தன் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தைப் புரட்டி, என் பெயருக்கு நேராக, அடிக்கோல் வைத்து மூன்றாவது கோட்டைப் போட்டார். ஒரு வருடம். நான் வாதாட வாயைத் திறந்தேன். டம்ளர் தட்டப்பட்டது. தண்டனை அந்த நிமிடமே அமலுக்கு வந்துவிட்டதாம்.

இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு புத்தகத்துக்காகச் சுருக்கில் மாட்டியவன் அதைப் பரிந்துரைத்தவன் இல்லை என்றால், பரிந்துரை என்ற சொல்லுக்கே என்ன மரியாதை இருக்கிறது? திரும்பும் பஸ்ஸில் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். செம்மங்குப்பம் ஆலைகளின் ரசாயன நாற்றம் வந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை, அவ்வளவு கோபம். டீச்சருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவதாக முடிவு செய்தேன். மச்சான் இனி பொங்கலுக்கு வந்தால் வெறும் சட்னிதான் என்று முடிவு செய்தேன். வட்டத்தை விட்டே விலகுவது என்று முடிவு செய்தபோது பஸ் கடலூர் முதுநகரை நெருங்கியிருந்தது.

போன் அடித்தது. மச்சான்.

"மாமா, கோவமா?"

போன் என்பதையும் மறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவம்தான். சரி, அது இருக்கட்டும். முடிச்சு அத்தியாயம் முடிச்சுட்டேன். நெருப்பு பத்தி வருதுல்ல, அதுல ஈர வெறகு அடுக்கறதுக்கு ஒரு படம் போட்டிருக்கான். எப்படிப் பாத்தாலும் புரியல. கடைய சாத்திட்டு அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கு ஒரு வருஷம் பேச அனுமதி இல்ல. டீச்சர்கிட்ட கேளு."

"கேட்டேன் மாமா. அவுங்களுக்கும் புரியலையாம்."

கடலூர் முதுநகர் என்று நடத்துனர் கத்தினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் மேல் இடித்துக்கொண்டு போனார்கள். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"எந்தப் படம்? மூணு கட்டை குறுக்க வச்சிருக்கானே, அதுவா?" என்றேன்.